‘பிக் அப்’ என்ற வினையைத் தவறில்லாமல் கையாள்வது எப்படி

நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி நிற்கும் பயணிக்கு, நுவரெலியாவிலிருந்து புறப்படும் சாரதி “ஐ வில் பிக் யூ அட் சிக்ஸ்” என்று செய்தி அனுப்பினால், பயணி எப்படியோ விளங்கிக்கொள்வார். ஆனால் அந்த வசனம் சொல்வது ‘ஆறு மணிக்கு உங்களைத் தெரிவு செய்வேன்’ என்பதைத்தான். ‘ஏற்றிக்கொள்வேன்’ என்று சொல்ல வேண்டுமானால் “ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்” என்று வரவேண்டும். விடுபட்டது ‘அப்’ என்ற சின்னச் சொல். அது போனதும் பொருளே மாறிவிடுகிறது.

இந்தத் தவறை ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்கள் மட்டும் செய்வதில்லை. தூக்கு, ஏற்று, எடு என்ற தமிழ் வினைகளுக்குள்ளேயே மேல்நோக்கிய அசைவு அடங்கியிருக்கிறது. அதனால் ‘அப்’ வெறும் அலங்காரம் என்று மனம் தள்ளிவிடுகிறது. அதோடு “கம் அண்ட் பிக் மீ”, “ஹீ டிட் நொட் பிக் மை கோல்” என்று நம்மைச் சுற்றி எல்லாரும் பேசுவதால் காதும் அதற்குப் பழகிவிட்டது. நமக்குள்ளே பேசும்போது இதனால் பாதகமில்லை. ஹோட்டல் வேலை, சுற்றுலாச் சாரதி வேலை, சாதாரண தரப் பரீட்சை, நேர்முகத் தேர்வு என்று வரும்போது சரியான வடிவம் கைவசம் இருக்க வேண்டும்.

‘பிக்’ தனியாக வந்தால்

‘பிக்’ தனியாக நிற்கும்போது இரண்டு பொருள்கள்தான் முக்கியம். ஒன்று பறிப்பது: பூ, பழம், போஞ்சி, ஸ்ட்ரோபரி. மற்றது பலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்வது: “பிக் எ கார்ட்”, “த டீச்சர் பிக்ட் ஹேர் ஃபோ த டீம்”. கரட்டையும் லீக்ஸையும் ‘பிக்’ பண்ணுவதில்லை. மண்ணிலிருந்து பிடுங்குவதற்கு ‘புல்’ அல்லது ‘ஹார்வெஸ்ட்’ என்பார்கள்.

தேயிலைக் கொழுந்துக்கு நம் தோட்டங்களின் ஆங்கிலத்தில் நிலைத்த சொல் ‘ப்ளக்’. கொழுந்து பறிப்பவர் ‘ப்ளக்கர்’. வெளிநாட்டார் ‘டீ பிக்கர்’ என்று சொல்வதும் பிழையில்லை. ஆனால் படத்தைப் பார்த்து எழுதும் பயிற்சியில் பிள்ளைகள் “த விமன் ஆர் பிக்கிங் அப் டீ லீவ்ஸ்” என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே ‘அப்’ வரவே கூடாது. அப்படி எழுதினால் ‘பெண்கள் நிலத்தில் விழுந்து கிடக்கும் இலைகளைப் பொறுக்குகிறார்கள்’ என்றாகும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துப் பறிக்கிற கைகளைப் பற்றி அப்படி எழுதுவது தகவல் பிழை மட்டுமல்ல, அந்த வேலைத்திறனுக்கே குறைவு. “த விமன் ஆர் ப்ளக்கிங் டீ” என்று எழுதுங்கள்.

பறித்த கொழுந்தை நிறுத்து சாக்கில் கட்டி வைத்த பிறகு லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகிறதே, அதுதான் ‘பிக் அப்’. “த லொறி பிக்ஸ் அப் த லீஃப் அட் இலெவன்.” ஒரே கொழுந்து செடியில் இருக்கும்போது ‘ப்ளக்’, சாக்கில் வந்த பிறகு ‘பிக் அப்’. கொழுந்தைத் தோட்ட ஆங்கிலத்தில் ‘லீஃப்’ என்று ஒருமையாகவே சொல்வார்கள் என்பதையும் கவனியுங்கள்.

‘கொள்’ வருகிறதா என்று பாருங்கள்

அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’ என்பதன் கீழ் பத்துப் பதினைந்து பொருள்கள் வரிசையாக நிற்கும். அவற்றை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. பெரும்பாலானவை தமிழில் இரண்டே வினைகளின் நிழலில் வந்து அடங்கிவிடும்: ‘கொள்’, ‘பிடி’.

முதலில் ‘கொள்’. ஏற்றிக்கொள், எடுத்துக்கொள், வாங்கிக்கொள், கற்றுக்கொள், தொற்றிக்கொள், பொறுப்பேற்றுக்கொள். நம் பேச்சில் இது ‘ஏத்திக்க, எடுத்துக்க, வாங்கிக்க, கத்துக்க’ என்று சுருங்கும். ஏதோ ஓரிடத்தில் இருந்த ஒன்று நம் பக்கம் வந்து சேர்கிறது என்பதை இந்தத் துணைவினை காட்டுகிறது. ‘பிக்’ கோடு சேரும் ‘அப்’ செய்வதும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான்.

*ஏற்றிக்கொள்.* ஆளை வாகனத்தில் ஏற்றுவது. “த பஸ் பிக்ட் அஸ் அப் அட் தலவாக்கலை.” வாகனம் இல்லாமல் நடந்தே போய்ப் பிள்ளையை முன்பள்ளியிலிருந்து கூட்டிவருவதும் இதுதான்: “ஐ ஹேவ் டு பிக் அப் மை டோட்டர் ஃப்ரம் ப்ரீஸ்கூல்.” இடத்துக்கு ‘ஃப்ரம்’, மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஒன்’. போய்ச் சேரும் இடத்தை இந்த வினையோடு ஒட்டக் கூடாது. “ஐ வில் பிக் யூ அப் டு எல்ல” என்பது தவறு. ஏற்றுவதுதான் ‘பிக் அப்’, கொண்டுபோவது ‘டேக்’, இறக்கிவிடுவது ‘ட்ரொப்’ அல்லது ‘ட்ரொப் ஒஃப்’. மூன்றையும் சேர்த்து இப்படிச் சொல்லலாம்: “ஐ வில் பிக் யூ அப் ஃப்ரம் யுவர் ஹோட்டல், டேக் யூ டு எல்ல, அண்ட் ட்ரொப் யூ அட் த ஸ்டேஷன்.” ‘ட்ரொப்’ ஓடு ‘ஒஃப்’ வராவிட்டாலும் வசனம் நிற்கும். ‘பிக்’ ஓடு ‘அப்’ வராவிட்டால் நிற்காது. இரண்டும் ஒரே மாதிரி என்று நினைப்பதால்தான் ‘பிக் அண்ட் ட்ரொப்’ என்று பலகைகளில் எழுதுகிறார்கள். சரியானது ‘பிக்-அப் அண்ட் ட்ரொப்-ஒஃப்’.

*எடுத்துக்கொள்.* கீழே கிடப்பதை, மேசையில் இருப்பதைக் கையால் எடுப்பது. பாரமான மூட்டையைத் தம் கட்டித் தூக்குவதற்கு ‘லிஃப்ட்’ பொருத்தம். ‘பிக் அப்’ என்றால் கையெட்டும் சாதாரண எடுப்பு. விறகு பொறுக்குவதற்கு ‘கலெக்ட்’ அல்லது ‘கேதர் ஃபயர்வுட்’ என்பதே வழக்கம். தட்டை நீட்டி “பிஸ்கட் எடுத்துக்கங்க” என்று உபசரிக்கும் இடத்தில் ‘டேக்’ அல்லது ‘ஹேவ்’ வரும். ‘பிக் அப்’ வராது. ஆகவே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ பைக் கண்டால் தமிழில் ‘கொள்’ போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். தமிழில் ‘கொள்’ வந்த இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ போடாதீர்கள். தெரிந்துகொள், கேட்டுக்கொள், திருமணம் செய்துகொள் என்று அது எங்கெங்கோ போகும்.

*வாங்கிக்கொள்.* இதில் இரண்டு நிலை. ஆயத்தமாக இருப்பதைப் போய் எடுத்துவருவது ஒன்று: பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழ், டிஸ்பென்சரியில் மருந்து, தையல்காரரிடம் சீருடை. “ஐ ஹேவ் கம் டு பிக் அப் மை மதர்ஸ் பர்த் சேர்டிஃபிகேட்.” காசு கொடுத்து வாங்குவது மற்றது, அது சில்லறையான, போகிற போக்கில் நடக்கும் கொள்முதலாக இருக்க வேண்டும். “கென் யூ பிக் அப் சம் ப்ரெட் ஒன் த வே?” நுவரெலியா பேல் பசாரில் மலிவாக ஒரு குளிர்ச்சட்டை அகப்பட்டால் “ஐ பிக்ட் அப் எ ஜெக்கெட்” என்பது நன்றாக இருக்கும். ஆனால் பத்துப் பேர்ச் காணியை ‘பிக் அப்’ பண்ணினோம் என்றால், கடைக்குப் போன வழியில் காணியும் வாங்கியதாகக் கேட்கும். சீட்டுப் பிடித்து, கடன்பட்டு வாங்கிய காணிக்கு ‘போட்’ என்றே சொல்லுங்கள்.

*கற்றுக்கொள்.* வகுப்பு, புத்தகம், ஆசிரியர் இல்லாமல், கேட்டும் பழகியும் வருகிற அறிவு. டவுன் கடையில் வேலை செய்து சிங்களம் பேசப் பழகியவர் “ஐ பிக்ட் அப் சிங்களா அட் வேர்க்” என்பார். விருந்தினர்களோடு பேசிப் பேசி நாலு வார்த்தை ஜெர்மன் தெரிந்துகொண்டால் அதுவும் அப்படியே. டிப்ளோமா முடித்த ஆங்கிலத்தை நேர்முகத் தேர்வில் “ஐ பிக்ட் அப் இங்கிலிஷ்” என்று சொன்னால் சான்றிதழின் மதிப்பை நீங்களே குறைத்துவிடுகிறீர்கள். அங்கே ‘ஸ்டடீட்’ அல்லது ‘லேர்ன்ட்’ என்று சொல்ல வேண்டும். பழக்கங்களுக்கும் இந்த வினை வரும், அதிலும் கெட்ட பழக்கங்களுக்கே அதிகம்.

*தொற்றிக்கொள்.* தடிமன், இருமல், வயிற்றுக்கோளாறு. “ஷீ பிக்ட் அப் எ கோல்ட் ஒன் த ட்ரெய்ன்.” தொற்றாத நோய்க்கு இது பொருந்தாது. நீரிழிவையோ இருதய நோயையோ யாரும் ‘பிக் அப்’ பண்ணுவதில்லை.

*ஏற்றுக்கொள்.* சாப்பாட்டுப் பில்லை ஒருவர் கட்டுவது: “த கொம்பனி வில் பிக் அப் த பில்.” ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பில்லைக் கையில் எடுப்பார்கள் என்பதல்ல, பணம் கட்டுவார்கள் என்பதே பொருள்.

அடுத்தது ‘பிடி’

வேகம் பிடிக்கிறது, சிக்னல் பிடிக்கிறது, வியாபாரம் சூடு பிடிக்கிறது. இந்த ‘பிடி’ க்குள் வருவனவும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ தான்.

ரயில் இலங்கையின் மிக உயரமான நிலையமான பட்டிப்பொலயைத் தாண்டி ஓஹிய பக்கம் இறங்கத் தொடங்கும்போது “த ட்ரெய்ன் பிக்ஸ் அப் ஸ்பீட்” என்று சொல்லலாம். தடிமன் பிடிப்பதை மேலே ‘தொற்றிக்கொள்’ ளில் பார்த்தோம்; அது இங்கேயும் அடங்கும். மேட்டிலே ஏறினால் கைபேசிக்கு சிக்னல் கிடைக்கிறது என்றால் “மை ஃபோன் பிக்ஸ் அப் எ சிக்னல் ஒன்லி நியர் த டெம்பிள்.” வானொலி அலைவரிசைக்கும் இதே வசனம்.

விலை, வியாபாரம், விளைச்சல் ஆகியவை மந்தமாக இருந்து மீண்டும் எழுவதற்கும் இதுவே. 1883 இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தைப் பற்றிய செய்திகளில் “ப்ரைசஸ் பிக்ட் அப்” என்று வந்தால் விலை தேறியது என்று பொருள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஏற்கெனவே நல்ல விலை இன்னும் கூடினால் அது ‘ரோஸ்’ அல்லது ‘இன்க்ரீஸ்ட்’. விழுந்தோ தேங்கியோ கிடந்தது திரும்ப எழும்பும்போதுதான் ‘பிக்ட் அப்’ சரியாகப் பொருந்தும். வறட்சிக்குப் பிறகு சித்திரை மழையோடு கொழுந்து கூடுவதற்கு “த க்ரொப் பிக்ஸ் அப் இன் ஏப்ரல்” என்பது கச்சிதமான பாவனை. சுகமில்லாமல் இருந்தவர் தேறிவருவதற்கும், அறுந்துபோன சுற்றுலா வியாபாரம் மீள்வதற்கும் இதே வினை. காற்று வலுப்பதும் ‘பிக் அப்’ தான்: “த விண்ட் பிக்ஸ் அப் இன் த ஆஃப்டர்நூன்.” மழைக்கு அப்படிச் சொல்வது குறைவு, ‘கெட்ஸ் ஹெவியர்’ என்பார்கள்.

இந்தப் பாவனைகளில் ‘வேகம்’, ‘சிக்னல்’, ‘தடிமன்’ தவிர மற்றவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது. விலை தானாகத் தேறுகிறது. அதை யாரும் ‘பிக் அப்’ பண்ணுவதில்லை. “த கவர்மென்ட் பிக்ட் அப் த ப்ரைசஸ்” என்று எழுதினால் பிழை. ‘ரெய்ஸ்ட்’ என்று எழுத வேண்டும்.

விட்ட இடத்தைப் பிடித்துத் தொடர்வதும் உண்டு. நேற்று நிறுத்திய பாடத்தை இன்று தொடங்கும் ஆசிரியர் “லெட் அஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஒஃப்” என்பார். பின்னால் ‘ஒன்’ சேர்ந்து ‘பிக் அப் ஒன்’ என்று வந்தால், வெளியே சொல்லாத ஒன்றைக் குறிப்பால் பிடித்துக்கொள்வது. விருந்தினர் களைத்திருக்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே உணர்கிற பணியாளர் “பிக்ட் அப் ஒன் இட்”.

சொல் வரிசை: ‘இட்’ எங்கே போகும்?

பரீட்சையில் புள்ளி போகிற இடம் இதுதான். செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடத்திலும் வைக்கலாம். “பிக் அப் த பேக்” என்றாலும் சரி, “பிக் த பேக் அப்” என்றாலும் சரி. பிரதிப்பெயர் என்றால் நடுவில் மட்டுமே: “பிக் இட் அப்”, “பிக் தெம் அப்”, “பிக் ஹேர் அப்”. “பிக் அப் இட்” என்று ஆங்கிலத்தில் இல்லவே இல்லை. இந்த ஒன்றுக்கு விதிவிலக்கு தேட வேண்டாம்.

பெயர்ச்சொல் நீண்ட தொடராக இருந்தால் ‘அப்’ பைப் பிரிக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். “பிக் அப் த டூ பேக்ஸ் நியர் த கேட்” என்பது நேராக விளங்கும். “பிக் த டூ பேக்ஸ் நியர் த கேட் அப்” என்றால், வசனம் முடியும்வரை கேட்பவர் ‘அப்’ புக்காகக் காத்திருக்க வேண்டும். ‘பிக் அப் ஸ்பீட்’ டைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

செயப்பாட்டு வினையில் இரண்டும் ஒட்டியே இருக்கும்: “வீ வேர் பிக்ட் அப் அட் ஹட்டன்.” எழுதும்போது வினையாக இருந்தால் இரண்டு சொல், நடுவில் இடைவெளி. பெயராக இருந்தால் சேர்த்தோ சிறு கோடு போட்டோ எழுத வேண்டும். உச்சரிப்பும் மாறும். வினையில் அழுத்தம் ‘அப்’ மேல் விழும். பெயரில் ‘பிக்’ மேல் விழும். நம் பேச்சிலேயே ‘வண்டிக்கு பிக்கப் இல்ல’ என்கிறோமே, அந்த ‘பிக்கப்’ பெயர்ச்சொல். பின்பக்கம் திறந்த சிறு வாகனத்தையும் ‘பிக்கப்’ என்பார்கள். நம் ஊரில் ‘கெப்’ என்று சொல்வதை ஒரு அமெரிக்கர் ‘பிக்கப்’ என்று கேட்டால் குழம்ப வேண்டாம்.

இறந்த காலத்தை ‘பிக்கெட்’ என்று சொல்லாதீர்கள். ‘பிக்ட்’, கடைசியில் ‘ட்’ மட்டும். ‘அப்’ போடு சேர்த்தால் ‘பிக்டப்’ என்று ஒரே மூச்சில் வரும்.

பேசுவதைவிடக் கேட்பது கஷ்டம். வெளிநாட்டார் வேகமாகப் பேசும்போது நடுவில் வரும் பிரதிப்பெயர் கரைந்துபோகும். ‘பிக் அஸ் அப்’ என்பது ‘பிக்கசப்’ என்று காதில் விழும். ‘பிக் இட் அப்’ என்பது ‘பிக்கிடப்’. ‘பிக் ஹிம் அப்’ இல் ‘ஹ’ காணாமற்போய் ‘பிக்கிமப்’ ஆகும். ‘பிக் ஹேர் அப்’ என்பது ‘பிக்கரப்’. ‘பிக் தெம் அப்’ என்பது பல வாயில் ‘பிக்கெமப்’. ‘பிக்கிமப்’ புக்கும் ‘பிக்கெமப்’ புக்கும் உள்ள வேறுபாடு, ஒருவருக்காகப் போவதா இருவர் மூவருக்காகப் போவதா என்பது. காதில் ஐயம் வந்தால் “ஹவ் மெனி பீப்பிள்?” என்று உடனே கேட்டுவிடுங்கள். இந்த ஐந்தையும் சத்தமாகச் சொல்லிப் பழகினால் காது தானாகத் திறக்கும்.

சாரதிகளுக்கும் ஹோட்டல் பணியாளர்களுக்கும்

நுவரெலியா டவுனுக்குள் ரயில் வராது. நானுஓயாவில் இறங்கித்தான் வரவேண்டும். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஹட்டனில் இறங்குகிறார்கள். இப்படி ஸ்டேஷன் ஓர் ஊரிலும் தங்குமிடம் வேறோர் ஊரிலுமாக இருப்பதால், மலையகத்தில் ‘பிக் அப்’ என்ற சொல் ஒரு நாளில் பலமுறை வாயில் வரும். ஆளை மாறி ஏற்றுவதும், நேரம் தவறிப் போவதும் பெரும்பாலும் செய்தியில் ஏதோ ஒன்று குறைவதால்தான்.

நல்ல செய்தியில் ஐந்து விபரம் இருக்க வேண்டும்: கிழமை, மணி, நிற்க வேண்டிய இடம், வாகனம், ஆட்களும் பைகளும். உதாரணமாக: “குட் ஈவினிங். ஐ வில் பிக் யூ அப் டுமொரோ, ஃப்ரைடே, அட் 5.30 இன் த மோர்னிங். ப்ளீஸ் வெயிட் அட் த மெயின் கேட் ஒஃப் யுவர் ஹோட்டல். இட் இஸ் எ ரெட் த்ரீவீலர். டூ பீப்பிள், டூ பேக்ஸ், கரெக்ட்?” கடைசியில் வரும் ‘கரெக்ட்?’ மிகவும் தேவை. பதில் வரவைக்கிற சொல் அது. பதில் வந்தால் செய்தி வாசிக்கப்பட்டது என்று உறுதி.

நள்ளிரவுப் பயணத்தில் கிழமை குழம்பும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில், சூரிய உதயம் பார்க்க நல்லதண்ணியிலிருந்து அதிகாலை இரண்டு மணியளவில் ஏறத் தொடங்குகிறார்கள். ஏற்றிக்கொள்ளும் நேரம் இரவு ஒரு மணி என்று வைப்போம். நாம் ‘செவ்வாய் இரவு ஒரு மணி’ என்றால் செவ்வாய் படுத்து எழும்பும் இரவு, அதாவது நாட்காட்டிப்படி புதன். “டியூஸ்டே, ஒன் ஏ.எம்.” என்று எழுதினால் விருந்தினர் ஒரு நாள் முன்னதாகவே, திங்கள் முடிந்து செவ்வாய் பிறந்த உடனேயே வந்து நிற்பார். இரண்டு கிழமையையும் சொல்வதே பாதுகாப்பு: “டியூஸ்டே நைட், தட் இஸ் வெட்னஸ்டே மோர்னிங், ஒன் ஏ.எம்.”

அரை மணிக் கணக்கிலும் கவனம் வேண்டும். பிரித்தானியர் ‘ஹாஃப் ஃபைவ்’ என்றால் ஐந்தரை. ஜெர்மன் மொழியில் அதே மாதிரிச் சொற்கள் நாலரையைக் குறிக்கும். அதனால் ஜெர்மன்காரர் சிலர் ஆங்கிலத்திலும் அந்தப் பொருளில் சொல்லிவிடுவார்கள். எப்போதும் ‘ஃபைவ் தேர்ட்டி’ என்று இலக்கத்தில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள்.

ஹோட்டல் வாசலில் போய் நின்றதும் “ஐ ஆம் ஹியர் டு பிக் அப் த கெஸ்ட்ஸ் ஃப்ரம் ரூம் டுவெல்வ்” என்று சொல்லலாம். இன்னொரு சாரதிக்கு வேலையைக் கொடுக்கும்போது தமிழில் “அண்ணே, ரூம் பன்னெண்டுல ரெண்டு பேர், அவங்கள ஏத்திக்கிட்டு நானுஓயாவுக்கு வந்துருங்க” என்பதை அப்படியே ஆங்கிலத்தில் விருந்தினரிடம் சொல்ல வேண்டி வந்தால்: “எனதர் ட்ரைவர் வில் பிக் யூ அப் அண்ட் டேக் யூ டு நானுஓயா.”

ஒரு பொருளை மட்டும் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் பாலியல் நோக்கோடு நெருங்கிப் பேசி வசப்படுத்துவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை உண்டு. இடமும் மணியும் சொல்லும்போது இந்தக் குழப்பம் வராது. “ஐ பிக் அப் லேடீஸ்” என்று பொதுவாகச் சொன்னால் வரும். பெண் பயணிகளுக்கும் சேவை உண்டு என்று சொல்ல விரும்பினால் “ஐ ட்ரைவ் லேடி ட்ரெவலர்ஸ் டூ” என்று சொல்லுங்கள், சந்தேகத்துக்கே இடமில்லை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போவதற்கும் ‘பிக்ட் அப் பை த பொலிஸ்’ என்பார்கள். அதனால் வீட்டுக்குப் பொலிஸ் வாகனத்தில் வந்து இறங்கிய உறவினரைப் பற்றிச் சொல்லும்போது சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள்.

தொலைபேசியில்

‘கோல் எடுத்தேன், தூக்கல’ என்பதுதான் நம் பேச்சு. அந்த ‘தூக்கு’ தான் இங்கே ‘பிக் அப்’. “ஐ கோல்ட் ஹிம், பட் ஹீ டிட் நொட் பிக் அப்.” பின்னால் ஒன்றும் வேண்டியதில்லை. சேர்க்க விரும்பினால் ‘பிக் அப் த ஃபோன்’. ‘கோல்’ என்ற சொல்லைப் போட வேண்டுமானால் ‘ஆன்சர் மை கோல்’ என்பதே பொதுவான வழக்கம். ‘பிக் மை கோல்’ தெற்காசியாவுக்கு வெளியே புதிதாகக் கேட்கும். ‘டேக் எ கோல்’ என்றால் வந்த அழைப்பில் பேசுவது. நாம் அழைப்பதற்கு ‘மேக் எ கோல்’. ‘கோல் எடுத்தேன்’ என்பதை அப்படியே ‘ஐ டுக் எ கோல்’ என்று மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

எழுத்தில் எப்போது தவிர்ப்பது

‘பிக் அப்’ பேச்சுக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதத்துக்கும் உரியது. விண்ணப்பம், அறிக்கை, அதிபருக்கு எழுதும் கடிதம் ஆகியவற்றில் ஒற்றைச் சொல் வினை எடுப்பாக இருக்கும். சான்றிதழ் எடுக்க ‘கலெக்ட்’, அறிவு பெற ‘அக்வயர்’, விலை தேற ‘இம்ப்ரூவ்’ அல்லது ‘ரிகவர்’, நோய் தொற்ற ‘கொன்ட்ரெக்ட்’, கருவி சிக்னலைக் கண்டறிய ‘டிடெக்ட்’, விட்டதைத் தொடர ‘ரெஸ்யூம்’. வட்ஸ்அப்பில் விருந்தினருக்கு ‘ஐ வில் கலெக்ட் யூ’ என்று எழுதினால் பிழையில்லை. பிரித்தானியர் அப்படியும் சொல்வார்கள். ஆனாலும் ‘பிக் யூ அப்’ எல்லா நாட்டவருக்கும் விளங்கும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவும் உண்டு. ‘பிக் அவுட்’ என்றால் பலவற்றிலிருந்து பிரித்தெடுப்பது; தேயிலையிலிருந்து தண்டு பொறுக்குவதற்கு அதுதான் சரி. ‘பிக் ஒன்’ என்றால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. வகுப்பில் பெரிய பையன் சின்னவனைச் சீண்டுவதைச் சொல்ல “ஹீ இஸ் பிக்கிங் ஒன் மை ப்ரதர்” என்று எழுத வேண்டும். இடையில் ‘அப்’ நுழைந்தால் ‘கவனித்துப் பிடித்துக்கொள்கிறான்’ என்று வேறெங்கோ போய்விடும். ‘பிக் அட்’ என்றால் சாப்பாட்டைக் கொறித்துக்கொண்டு மனமில்லாமல் இருப்பது.

பயிற்சிக்குக் கீழே உள்ளவற்றைத் திருத்திப் பாருங்கள். “ப்ளீஸ் பிக் அப் மீ ஃப்ரம் பதுளை.” “மை ஃபாதர் கம்ஸ் டு பிக் மீ எவ்ரிடே.” “ஐ ட்ரொப்ட் மை பென். கென் யூ பிக் அப் இட்?” “ஹீ வில் பிக் அப் யூ டு பண்டாரவளை.” முதலாவது ‘பிக் மீ அப் ஃப்ரம் பதுளை’. இரண்டாவதில் கடைசிக்கு முன் ‘அப்’ சேர வேண்டும்: ‘பிக் மீ அப் எவ்ரிடே’. மூன்றாவது ‘பிக் இட் அப்’. நான்காவதில் வினையே மாற வேண்டும்: ‘ஹீ வில் டேக் யூ டு பண்டாரவளை’.